உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் படிவு, கறை, நாற்றம், அடைப்பு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்ப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இருபத்து நான்கு வீடுகளுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறுதான். கோடையில் அதன் உப்பு ஏறும், மழைக்குப் பின் சற்றே இறங்கும். ஆண்டுதோறும் அதே ஏழெட்டுக் குறைகளோடு அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுவதால், ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னதை இங்கே அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை, தண்ணீர் கெடுத்த பொருள்களைவிட, கறை எதனால் வந்தது என்று பாராமல் அவசரமாக ஊற்றிய ஆசிட் கெடுத்த பொருள்களே அதிகம். ஆகவே எந்த அறிகுறிக்குப் போகும் முன்னும் அடுத்த இரண்டு பகுதிகளைப் படித்துவிடுங்கள்.

## எதையும் ஊற்றும் முன்

பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ எந்த அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. கழிவறைக் கோப்பைக்கென்று விற்கப்படும் திரவங்களில் பெரும்பாலானவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதால், அது பிளீச்சைத் தொட்டவுடன் குளோரின் வாயு கிளம்பும். வினிகரும் எலுமிச்சையும்கூட, மெதுவாகவேனும், அதையே செய்யும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடும் பிளீச் சேரக் கூடாது. ஒன்றைப் பயன்படுத்திய இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்த வேண்டுமானால், நிறைய நீர் விட்டு அலசி, அதை மறுநாளுக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

இரண்டாவது, தரையும் மேடையும் எந்தக் கல் என்று தெரிந்திருக்க வேண்டும். சலவைக்கல், மொசைக் தரை, கடப்பைக் கல் மேடை ஆகிய மூன்றிலும் சுண்ணாம்பு இருக்கிறது. நீங்கள் நீக்க நினைக்கும் உப்புப் படிவும் பெரும்பாலும் சுண்ணாம்புதான். படிவைக் கரைக்கும் அமிலம் கல்லையும் கரைக்கும் என்பதால், கடப்பைக் கல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் வெளுத்துப் போவதைக் கறை என்று எண்ணி மேலும் எலுமிச்சை தேய்ப்பவர்களை நான் பலமுறை தடுத்திருக்கிறேன். டைல்ஸ் அமிலத்தைத் தாங்கும். ஆனால் டைல்ஸ்களுக்கு இடையே பூசிய சிமென்ட் தாங்காது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியிலும் குரோம் பூச்சுள்ள குழாயிலும் கழிவறை ஆசிட் ஒருபோதும் படக் கூடாது. பட்டால் கரும்புள்ளியும் குழியும் விழும், அவற்றை மீட்க வழியில்லை.

## கறை எது என்று கண்டறியும் ஒரு சொட்டுச் சோதனை

மளிகைக் கடை வினிகரில் ஒரு சொட்டைக் கறையின் ஓர் ஓரத்தில் விட்டு, அரை நிமிடம் உற்றுப் பாருங்கள்.

நுண்குமிழிகள் கிளம்பினால் அது சுண்ணாம்புப் படிவு. மிதமான அமிலமே போதும். குமிழி வராமல், நகத்தால் சுரண்டினால் மெழுகு போல வழுவழுப்பாக வந்தால் அது சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டான பிசுக்கு. அமிலத்தை மட்டும் ஊற்றிப் பயனில்லை. குமிழியும் இல்லை, சுரண்டலும் இல்லை, நிறம் மட்டும் மஞ்சள் அல்லது செம்பழுப்பு என்றால் இரும்புக் கறை. எதுவுமே அசையாமல், கண்ணாடியில் பனி படர்ந்தது போலத் தெரிந்தால், மணற்சத்துப் (சிலிக்கா) படிவாகவோ கண்ணாடியே அரிக்கப்பட்டதாகவோ இருக்கலாம். இதற்கு வீட்டில் மருந்தில்லை.

அமிலம் என்று நான் இனிச் சொல்லும் இடங்களில் எல்லாம் சிட்ரிக் ஆசிட்டையே குறிக்கிறேன். எலுமிச்சை உப்பு என்ற பெயரிலும் மளிகைக் கடையில் கிடைக்கும் இந்த வெள்ளைப் படிகம் வினிகரைப் போல நாறாது, விலையும் மிகக் குறைவு. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி என்பது என் அளவு. கொதிக்க வைக்க வேண்டாம். சூடு மிகுந்தால் கரைந்த சுண்ணாம்பு சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் பொடியாக மறுபடியும் படியும்.

## அறிகுறி: குழாயில் நீர் மெலிந்து வருகிறது

எந்தெந்தக் குழாய் என்று முதலில் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

### ஒரே ஒரு குழாய் அல்லது ஷவர் மட்டும் என்றால்

குழாய் முனையில் உள்ள சிறு வலைதான் காரணம். அதைக் கையால், வராவிட்டால் துணி சுற்றிய இடுக்கியால், திருகிக் கழற்றி மேற்சொன்ன கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து, நீரில் அலசி மாட்டுங்கள். ஷவரைக் கழற்ற முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி, ஷவர் தலை அதில் மூழ்கும்படி ரப்பர் வளையத்தால் கட்டிவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரவு முழுவதும் கட்டி வைத்து குரோம் பூச்சு உரிந்த ஷவர்கள் எங்கள் கட்டடத்திலேயே மூன்று இருக்கின்றன. வலையைச் சுத்தம் செய்தும் நீர் வராவிட்டால், அடியில் சுவரை ஒட்டி உள்ள சிறு மூடுகுழாயான ஆங்கிள் காக்கைத் திறந்து மூடிப் பாருங்கள். அது பாதியில் இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். உடைந்தால் வீட்டின் நீர் முழுவதையும் மேல்தளத்தில் போய் நிறுத்த வேண்டிவரும்.

### வெந்நீர்க் குழாயில் மட்டும் என்றால்

கோளாறு குழாயில் இல்லை, கீசரில் இருக்கிறது. கீழே கீசர் பகுதிக்குச் செல்லுங்கள்.

### குளியலறை முழுவதும் அல்லது வீடு முழுவதும் என்றால்

குளியலறையின் கேட் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் வெளியேறும் துளையில் செதில் செதிலாகப் படிவு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, கட்டடமும் பழையதாகி, குழாய்கள் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்பாக இருந்தால், துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து உட்புறம் சுருங்கியிருக்கும். அந்தக் குழாயில் அமிலம் செலுத்தித் தருகிறேன் என்று வருபவர்களை நான் அனுமதிப்பதில்லை, ஏனென்றால் துரு அடைத்திருந்த ஓட்டைகள் எல்லாம் திறந்துகொண்டு சுவருக்குள் கசியத் தொடங்கும். இங்கே பிளம்பரை அழைத்துக் குழாயை மாற்றுவது ஒன்றே வழி.

## அறிகுறி: கண்ணாடியும் டைல்ஸும் மங்கிக் கிடக்கின்றன

சொட்டுச் சோதனையில் குமிழி வந்தால், கரைசலில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்துத் துடைத்தாலே போதும். குமிழி வராத சோப்புப் பிசுக்குக்கு, கரைசலோடு பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு கரண்டி சேர்த்துத் தேய்க்க வேண்டும். அமிலம் சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துவிட்டாலும் மிஞ்சுவது கொழுப்பு அமிலம். அது நீரில் கரையாது, அதை இழுத்துக்கொண்டு போகத்தான் அந்தத் திரவம். குளியல் சோப்பை விட்டுத் திரவ சோப்புக்கு மாறிய வீடுகளில் இந்தப் பிசுக்கு கண்கூடாகக் குறைந்திருக்கிறது. இரண்டு முறை முயன்றும் மங்கல் அப்படியே இருந்தால் நிறுத்திவிடுங்கள்; அதற்கு மேல் தேய்ப்பது கண்ணாடியைக் கீறுவதில்தான் முடியும்.

## அறிகுறி: மஞ்சள், செம்பழுப்பு, கருப்புக் கறைகள்

கிணற்றிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும் நீர், காற்றுப் பட்ட பிறகு மஞ்சளாக மாறினால் அதில் கரைந்த இரும்பு இருக்கிறது. இதை உறுதிசெய்ய வெள்ளைப் பக்கெட் ஒன்றில் இரவு நீர் பிடித்து வைத்துக் காலையில் அடியைப் பாருங்கள். உடனே தெரிய வேண்டுமானால், ஒரு டம்ளர் நீரில் அடர்ந்த தேயிலை வடிநீரைச் சில கரண்டி விடுங்கள். இரும்பு மிகுந்திருந்தால் நீர் சாம்பல் கலந்த கருப்பாகும். கடுக்காய்ப் பொடி இன்னும் தெளிவாகக் காட்டும். கலம்காரித் துணியின் கருப்பு நிறம் பிறப்பதும் இதே கடுக்காயும் இரும்பும் சேர்வதால்தான். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு இருந்தாலே கறை விழத் தொடங்கிவிடும், ஆகவே சுவையில் ஒன்றும் தெரியவில்லையே என்று சும்மா இருக்க வேண்டாம்.

பக்கெட் தெளிவாகவே இருந்து, கறை ஒரு குழாயின் கீழ் மட்டும் இருந்தால் அந்தக் குழாயின் உட்பகுதியோ அதற்குச் செல்லும் இரும்புத் துண்டோ துருப்பிடித்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் தீரும். எல்லா இடங்களிலும் இருந்தால் தொட்டியின் அடிவண்டலை அகற்றிப் பாருங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் இரும்பு நீக்கும் வடிகட்டி தேவைப்படும்.

பீங்கானில் உள்ள கறையைச் சிட்ரிக் கரைசலில் நனைத்த காகிதத்தை அரை மணி நேரம் ஒட்டி வைத்து எடுக்கலாம். வெள்ளைத் துணியில் எலுமிச்சைச் சாறும் சிறிது கல்லுப்பும் வைத்து, வெயிலில் சிறிது நேரம் காட்டி அலச வேண்டும். இரும்புக் கறைக்கு பிளீச் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிளீச் இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து நூலிலேயே நிலைக்க வைத்துவிடும். வெள்ளை வேட்டி மஞ்சளாகித் திரும்பி வருவதன் இரகசியம் இதுதான். பழுப்புக்குப் பதிலாகக் கருப்புப் படலம் தொட்டியிலும் கழிவறைத் தண்ணீர்ப் பெட்டியிலும் படிந்தால் மாங்கனீசு காரணமாக இருக்கலாம். அதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும்.

## அறிகுறி: கீசர்

இதற்குத்தான் என்னை மிகுதியாக அழைக்கிறார்கள். நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து படிவதால், வீட்டில் முதலில் பலியாவது கீசரின் எலிமென்ட், அதாவது நீரைச் சூடாக்கும் மின்கம்பிச் சுருள்தான்.

### நீரைத் தொட்டால் சுரீரென்கிறது, அல்லது மின்கசிவுத் தடுப்பான் விழுகிறது

உடனே கீசரின் சுவிட்சை அல்ல, மின்பெட்டியில் அதன் இணைப்பையே நிறுத்துங்கள். ஈரக் கையோடு போக வேண்டாம். எலிமென்ட்டின் மேலுறை படிவால் அதிகம் சூடேறி வெடித்து, உள்ளே நீர் புகுந்திருக்கலாம். விழுந்த தடுப்பானை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டுக் குளிப்பவர்களை நான் அறிவேன். அந்தத் தடுப்பான்தான் அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது. இதில் நீங்கள் செய்யக்கூடிய சோதனை எதுவும் இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொல்லும்வரை கீசர் நிறுத்தத்திலேயே இருக்கட்டும்.

### கடுகு வெடிப்பது போலச் சத்தம், சூடேற நெடுநேரம்

எலிமென்ட்டின் மேல் படிவு ஏறியிருக்கிறது. அதன் இடுக்குகளில் சிக்கிய நீர் ஆவியாகித் தெறிக்கும் ஓசைதான் அது. செலவில்லாத முதல் படி, வெப்ப அளவைக் குறைப்பது. குமிழை உச்சத்தில் வைத்து, பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட, 50 முதல் 55 டிகிரியில் வைத்தால் படிவு வளரும் வேகம் குறையும். அடுத்த படி, மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறும்வரை காத்திருந்து, உள்ளே வரும் குழாயை மூடிவிட்டு, வடிகால் திருகைத் திறந்து அடியில் தேங்கிய செதில்களை வெளியேற்றுவது. இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். மீண்டும் இணைக்கும்போது தொட்டி நிறைந்து வெந்நீர்க் குழாயில் நீர் வரும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். வெறும் தொட்டியில் எலிமென்ட் நிமிடங்களில் எரிந்துபோகும்.

இவ்வளவுக்கும் பிறகு சத்தம் இருந்தால் மெக்கானிக்கை அழைத்து எலிமென்ட்டை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அவர் கையில் கழிவறை ஆசிட் பாட்டில் இருந்தால் தயங்காமல் தடுத்துவிட்டு, உங்கள் சிட்ரிக் ஆசிட்டைக் கொடுங்கள். கழிவறை ஆசிட் தொட்டியின் பூச்சையும் எலிமென்ட்டின் உலோகத்தையும் அரிக்கும். கீசர் திறந்திருக்கும் அந்த நேரத்திலேயே ஆனோட் ராடையும் பார்த்துவிட வேண்டும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்கென்றே வைத்த மக்னீசியத் தண்டு அது. பென்சில் போல மெலிந்திருந்தாலோ, நடுவில் உள்ள இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். தண்டின் விலை கீசர் விலையில் ஒரு சிறு பங்குதான். தொட்டியே கசியத் தொடங்கிவிட்டால் மட்டும் பழுது பார்க்க ஒன்றுமில்லை, புதிய கீசர்தான்.

### பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டே இருக்கிறது

சூடேறும்போது சில சொட்டுகள் விழுவது இயல்பு. எப்போதும் சொட்டினால், வால்வின் இருக்கையில் படிவு ஒட்டி அது முழுதாக மூட முடியாமல் இருக்கிறது. வால்வை மாற்றினால் முடிந்தது. அதன் வாயை எம்-சீல் வைத்து அடைப்பது மட்டும் கூடாது. அழுத்தம் வெளியேற வழியில்லாத கீசர் வெடிக்கும்.

### வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம்

குளிர்ந்த நீரையும் வெந்நீரையும் தனித்தனி டம்ளரில் பிடித்து, குளியலறைக்கு வெளியே கொண்டுபோய் முகருங்கள். வெளியே போனதும் இரண்டிலும் நாற்றம் இல்லையென்றால் அது தரை வடிகாலிலிருந்து வருகிறது. சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்க நீர் தேங்கி நிற்கும் நீர்ப்பொறி வற்றியிருக்கும், இரண்டு குவளை நீர் ஊற்றினால் நின்றுவிடும். வெந்நீரில் மட்டும் நாறினால், நீரிலுள்ள சல்பேட்டை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் மக்னீசியத் தண்டின் உதவியோடு ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. வெப்பத்தை 60 டிகிரிக்கு மேல் உயர்த்திச் சில மணி நேரம் வைத்து, நீரைத் திறந்து வெளியேற்றுங்கள். அப்போது யாரும் குளிக்கக் கூடாது, அந்தச் சூடு தோலைச் சுடும். நாற்றம் திரும்பினால், அலுமினியம் துத்தநாகக் கலவையால் ஆன தண்டு கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். தண்டையே எடுத்துவிட்டால் நாற்றம் போய்விடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம், தொட்டியும் போய்விடும்.

இரண்டு நீரிலும் நாறினால் மேல்நிலைத் தொட்டியையும் சம்ப்பையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். புதிதாகத் திறந்த பிளீச்சிங் பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் போதும். பன்னிரண்டு மணி நேரம் வைத்து, முழுவதையும் வடித்துவிட்டு மறுநீர் நிரப்ப வேண்டும். நாள்பட்ட பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதை அளவு கூட்டிப் போடுவதைவிடப் புதிது வாங்குவதே மேல். தொட்டி கழுவிய பிறகும் நாற்றம் கிணற்று நீரிலேயே இருந்தால், கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்காமல் அதைச் சமையலுக்குத் தொடாதீர்கள்.

## அறிகுறி: சோப்பு நுரைப்பதில்லை, துணி விறைக்கிறது

இது கடினத்தன்மை, அதாவது நீரில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் மிகுந்திருப்பது. டி.டி.எஸ். கருவியைக் காட்டி அளந்துவிட்டேன் என்பவர்களுக்கு ஒரு சொல்: அது கரைந்த உப்புகள் அனைத்தையும் சேர்த்தே காட்டும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. சொட்டு மருந்து போட்டு நிறமாற்றம் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி தனியே கிடைக்கிறது. சிவப்பு நீலமாக மாறும்வரை எத்தனை சொட்டு என்பதை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். இந்தியத் தர நிர்ணயம், குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. எங்கள் கிணறு மே மாதத்தில் அந்த இரண்டாம் எண்ணைத் தொட்டு வரும்.

கையால் துவைப்பவர்களுக்குச் சலவைச் சோடா போதும். 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள 20 லிட்டர் பக்கெட்டில் 8 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான உப்பு இருக்கிறது. அதைப் பிரிக்க ஒரு மேசைக்கரண்டிச் சலவைச் சோடாவைக் கரைத்து, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை எடுத்துச் சோப்புப் போடலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. தலைக்குச் சீயக்காயும் அரப்பும் தேய்த்த காலத்தில் இந்தக் குறை ஏன் எழவில்லை என்றால், அவற்றின் நுரை சோப்பைப் போலச் சுண்ணாம்போடு சேர்ந்து திரிவதில்லை.

இயந்திரத்தில் துவைத்த கருநிறத் துணியில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தால், திட்டின் மேல் வெந்நீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் பவுடர் கரையாமல் தங்கியிருக்கிறது. அளவைக் குறையுங்கள், துணியைத் திணிக்காதீர்கள். கரையாமல் வினிகருக்குக் குமிழி விட்டால் சுண்ணாம்பு. நீர் நுழையும் குழாயின் சிறு வடிகட்டியைக் கழற்றிக் கழுவிய பின், இயந்திரத்தின் கையேடு தடுக்காவிட்டால், துணியில்லாமல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு வெந்நீர்ச் சுற்று ஒன்று ஓட்டலாம். அந்தச் சுற்றில் பிளீச் கலந்த எதுவும் இருக்கக் கூடாது. நீரே உள்ளே வரவில்லை, பிழைக் குறி மறையவில்லை என்றால் சேவை மையத்தை அழைக்க வேண்டிய இடம் அது.

வீடு முழுவதற்கும் தீர்வு வேண்டுவோர் கடைசியாக நாட வேண்டியது மென்னீராக்கி. கல்லுப்பால் புதுப்பிக்கப்படும் பிசின் குடுவை அது. சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், ஆகவே டி.டி.எஸ். இறங்காது. பொருத்திய பின் டி.டி.எஸ். அப்படியே இருக்கிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மென்னீராக்கி திடீரென்று நுரையை நிறுத்தினால், ஆளை அழைக்கும் முன் உப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள். பத்தில் எட்டு முறை உப்புத் தீர்ந்திருக்கும்.

## அறிகுறி: பருப்பு வேகவில்லை, குக்கர் கருக்கிறது

ஒரே குக்கரில் இரண்டு கிண்ணம் வைத்து, ஒன்றில் ஆர்.ஓ. நீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் ஊற்றி ஒரே பருப்பை வேகவிடுங்கள். இரண்டும் வேகாவிட்டால் பருப்பு பழையது, கடையை மாற்றுங்கள். கிணற்று நீரில் மட்டும் வேகாவிட்டால், நீரின் சுண்ணாம்பு பருப்பின் உட்சுவரை இறுக்கிப் பிடிக்கிறது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடும் என்பது உண்மை. தயமின் என்ற உயிர்ச்சத்து அதில் அழியும் என்பதும் உண்மை. நீரை முன்பே கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல்நீரை ஊற்றுவது நல்ல மாற்று. புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகே சேர வேண்டும்.

அலுமினிய குக்கரின் உட்புறம் கருப்பது தீங்கில்லாத படலம். சாதம் வைக்கும்போது அடிநீரில் பிழிந்த எலுமிச்சை மூடியோ சிறு புளித் துண்டோ போடும் பழக்கம் அதற்கான சரியான மருந்து. ஏற்கெனவே கருத்ததற்கு அதையே சற்றுக் கூடுதலாகப் போட்டுக் காய்ச்சினால் போதும். சமையல் சோடாவும் சலவைச் சோடாவும் அலுமினியத்தை அரிப்பவை, அவற்றால் கருப்பு கூடும். விசில் துளையில் சுண்ணாம்பு அடைத்திருந்தால் ஊசியால் நீக்கலாம். பாதுகாப்பு வால்வை மட்டும் நோண்டாமல், குக்கரின் நிறுவனத்துக்குரிய புதியதை வாங்கிப் பொருத்துங்கள்.

## அறிகுறி: சிங்க் அடைத்துக்கொள்கிறது

சமையல் சோடாவைப் போட்டு அதன் மேல் வினிகரை ஊற்றினால் பொங்கிச் சுத்தமாகும் என்ற காணொளிகளைக் காட்டாதவர்கள் எங்கள் கட்டடத்தில் இல்லை. பொங்குவது கரிமிலவாயு; பொங்கி முடிந்தபின் காரமும் இல்லை, அமிலமும் இல்லை, உப்புக் கலந்த வெறும் நீர்தான் எஞ்சும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் கைபொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான நீரில் பாத்திரத் திரவம் கலந்து ஊற்றிப் பாருங்கள். கொதிநீர் வேண்டாம், பி.வி.சி. குழாய் நெகிழும். பிறகு ரப்பர்க் குவளையால் அழுத்திப் பாருங்கள். அதற்கடுத்து, அடியில் பக்கெட் வைத்து, பாட்டில் போன்ற நீர்ப்பொறியைத் திருகிக் கழற்றுங்கள். அடைப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும், கூடவே காணாமல் போன கரண்டியும்.

கடைசியாகத்தான் அடைப்பு நீக்கும் பவுடர். அது காஸ்டிக் சோடா. நீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடேறித் தெறிக்கும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் அணிந்து, உறையில் சொன்ன அளவே போடுங்கள். அதற்கு முன் அமிலம் எதுவும் ஊற்றியிருக்கக் கூடாது. போட்ட பிறகு ரப்பர்க் குவளையால் அழுத்தவும் கூடாது, முகத்தில் தெறிக்கும். ஒருமுறை போட்டுத் திறக்காவிட்டால் இரண்டாம் முறை போடாமல் பிளம்பரை அழைத்து, உள்ளே காஸ்டிக் இருக்கிறது என்பதை அவர் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கில் ஊற்றிய நீர் குளியலறையில் மேலேறினால் அடைப்பு உங்கள் வீட்டில் இல்லை, கட்டடத்தின் பொதுக் குழாயிலோ ஆள்நுழை குழியிலோ இருக்கிறது.

## அறிகுறி: சுத்தம் செய்யும்போது கண்ணும் தொண்டையும் எரிகின்றன

வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியேறுங்கள். எதையும் மேலே ஊற்றிச் சரிசெய்ய முயலாதீர்கள். கதவைத் திறந்தபடி விட்டு, குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள், ஏனென்றால் குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையருகே தங்கும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இருமல் நிற்கவில்லை, மூச்சு இறுகுகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். அப்போதைக்குச் சரியானது போலத் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால், அதிகம் சுவாசித்தவர் மருத்துவரைப் பார்க்காமல் படுக்கச் செல்லக் கூடாது. என்னென்ன கலந்தன என்று சொல்வதற்குப் பாட்டில்களின் பெயர்ச்சீட்டைக் கைபேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். அதற்காக உள்ளே திரும்பிப் போக வேண்டாம்.

## அறிகுறி: எல்லாம் ஒரே வாரத்தில் மாறிவிட்டது

சுவை, நிறம், நுரை மூன்றும் திடீரென்று மாறினால் மேலே சொன்ன எந்த வைத்தியமும் உதவாது, மாறியது மூலநீர். புதிதாக லாரித் தண்ணீர் இறக்கினார்களா, மோட்டாரை ஆழத்தில் இறக்கினார்களா என்று கேட்டுவிட்டு, நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டங்களில் ஆய்வகங்கள் வைத்திருக்கிறது, கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்பே கிணற்று நீரைப் பிடிக்க வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி மூடி, பிடித்த நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனையும் வேண்டுமானால் அந்தப் பாட்டில் போதாது. அதற்கான கிருமிநீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே முன்கூட்டிக் கேட்டு வாங்கி வர வேண்டும்.